ஏறும் வழியும் இறங்கும் வழியும்

(மலைப் பயணத் திட்டம் பற்றி நம் மொட்டைமாடிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். ஷிஃப்ட் காரணமாக வர முடியாதவர்கள் கேட்டதால் இங்கே தருகிறோம்.)

செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அடுத்து தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறது. அதனால் நான் நேரத்தைத் தாண்டினால் நீங்களே என்னை உட்கார வைத்துவிடுவீர்கள், தெரியும்.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மார்ச் மாதம் ஒரு சனி, ஞாயிறு பார்த்து மலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. எந்த வழி என்பதுதான் கேள்வி. முதல் வழி, மூணாறு பக்கமாகச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் கொழுக்குமலை உச்சிக்குப் போவது. விடியற்காலை சூரியனைப் பார்த்துவிட்டு, தேனி மாவட்டத்துப் பக்கமாகக் குரங்கணிக்கு நடந்து இறங்குவது. இரண்டாவது வழி, போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போய், வனத்துறை தரும் வழிகாட்டியோடு கீழிருந்து மேலே ஏறுவது. வாக்களித்தவர்கள் 27 பேர். அதில் 21 பேர் முதல் வழிக்குப் போட்டிருக்கிறீர்கள். ஏ பிளாக் தம்பி ஒருவர் காரணத்தையும் எழுதியிருந்தார்: "ஏற வேண்டாம் அங்கிள், இறங்கினால் போதும்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இன்று நான் பேச வந்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச்சில் நானும் அதே வழியில் இறங்கியிருக்கிறேன். எங்கள் கம்பெனி நண்பர்கள் எட்டுப் பேர். ஜீப்பில் மேலே போய், இரவு தங்கி, காலையில் டீ குடித்துவிட்டு, பத்து மணி வாக்கில் சாவகாசமாக இறங்க ஆரம்பித்தோம். ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த புல், பொன் நிறத்தில். போட்டோவுக்கு அவ்வளவு அழகு. வழிகாட்டி முன்னால் போனார், நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் போனோம். எங்கள் கையில் இருந்த சீட்டில் எந்தப் பாதை எழுதியிருந்தது, இல்லை, சீட்டு என்று ஒன்று இருந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் சிப்காட்டில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பெர்மிட் இல்லாமல் ஒரு வெல்டரை ஏணியில் கால் வைக்க விடமாட்டேன். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. மலை என்றால் லீவு, லீவு என்றால் மூளைக்கும் லீவு.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மணிக்குக் குரங்கணியில் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு நான்கு வருடம், கேட்டவர்களுக்கெல்லாம் "நல்ல வழி, சுலபம், குழந்தைகளைக்கூட அழைத்துப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குறைந்தது பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. சனிக்கிழமை மேலே போய்க் கொழுக்குமலையில் தங்கிவிட்டு, ஞாயிறு அதே சரிவில் குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே புல்லில் தீ. அன்றும், அடுத்து வந்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். பலர் இருபதுகளில், முப்பதுகளில் இருந்தவர்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகள். நம் மாடிகளில் இருப்பவர்களைப் போன்றவர்கள்தான். டி.வி.யில் அந்தச் சரிவைக் காட்டியபோது எனக்கு இடம் தெரிந்தது. நான் வழி சொன்ன பத்துப் பேரில் யாரும் அன்று அங்கே இல்லை. அது என் அதிர்ஷ்டம், என் புத்திசாலித்தனம் இல்லை.

அந்தக் குழுக்களில் இருந்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். எனக்குப் புல் பற்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் அந்த வழி அப்படி ஆனது என்று கொஞ்சம் பார்ப்போம். (இந்த இடத்தில் நான் தீக்குச்சி கொளுத்திக் காட்டினேன். வீட்டில் நீங்களும் பாத்ரூம் வாளிக்கு மேலே செய்து பார்க்கலாம், சிறுவர்கள் வேண்டாம்.) எரிகிற குச்சியை, தலை மேலே இருக்கும்படி நேராகப் பிடித்தால் தீ மெதுவாகக் கீழே வரும், நமக்கு அவசரமே இருக்காது. அதே குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால், விரல் சுடுவதற்குள் கீழே போட வேண்டியிருக்கும். தீயின் வெப்பம் மேலே போகிறது. மேலே இருப்பதை முன்கூட்டியே காய வைத்துவிட்டு, பிறகு பற்றுகிறது. மலைச்சரிவு தலைகீழாகப் பிடித்த தீக்குச்சி. தீயணைப்புத் துறையினர் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சரிவு பத்து டிகிரி கூடினால், மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதோடு பகலில் வெயில் ஏற ஏற, சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவின் மேல் நோக்கி வீச ஆரம்பிக்கும். காற்று மேலே தள்ளுகிறது, சரிவும் மேலே இழுக்கிறது.

இப்போது அந்தத் தம்பி எழுதிய வரியை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து இறங்குகிறவன், பகல் சூடாகச் சூடாக, காய்ந்த புல்லுக்குள், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்குகிறான். கீழே ஏதாவது ஆனால் அவன் ஓட வேண்டியது மேல்நோக்கி. மனிதன் மேட்டில் ஓடும் வேகம் என்ன, தீ மேட்டில் ஓடும் வேகம் என்ன? கீழிருந்து ஏறுகிறவனுக்கோ, கடந்து வந்த பாதை எப்படி இருக்கிறது என்று தெரியும். கால் வலித்தால், மழை பிடித்தால், மேலே புகை தெரிந்தால், தெரிந்த பாதையில் திரும்பலாம். ஜீப்பில் மேலே போய் இறங்குகிறவனுக்குத் "திரும்புவது" என்பதே கிடையாது. அவனை இறக்கிவிட்ட ஜீப் போய்விட்டது. முதல் அடி வைத்த நிமிடத்திலேயே அவன் முழுப் பாதைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு ஷெட்டுக்குள் போக ஒரு கதவு போதும், வெளியே வர இரண்டு கதவு வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் காற்றுத் திசை காட்டும் அந்த ஆரஞ்சுத் துணிக்குழாயைத் தினமும் பார்க்கிறீர்கள். வாயு கசிந்தால் காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்று மாதாமாதம் ஒத்திகை நடக்கிறது. அதையெல்லாம் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு மலைக்குப் போகிறோம்.

பெர்மிட் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழுக்களுக்குக் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்குத்தான் அனுமதி இருந்தது, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்று அரசுத் தரப்பில் அப்போது சொன்னார்கள். நம்மில் பலர் அனுமதிச் சீட்டை ஒரு வசூல் என்று நினைக்கிறோம். மூன்றாம் நம்பர் டேங்குக்குப் பெர்மிட் வாங்கிய ஆள் நான்காம் நம்பர் டேங்குக்குள் இறங்கினால் என்ன ஆகும்? மயங்கி விழுந்தால் வெளியே நிற்பவர்கள் மூன்றாம் டேங்கைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்று வெளியில் ஒரு ஆளுக்குத் தெரிந்திருப்பதுதான் பெர்மிட். மலையில் அது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே செல்போன் சிக்னல் நம் லிஃப்டுக்குள் இருக்கிற அளவுகூட இருக்காது.

இந்த டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டு அது ரயில்வே ஸ்டேஷனா என்று சி பிளாக் அம்மா கேட்டார்கள். ஒரு வகையில் ஆமாம். வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறு தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு குட்டி ரயிலில் அங்கே வந்து சேரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலையிறங்கும். மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே கொட்டகுடிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷன். பிறகு போடி. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. தேயிலைப் பெட்டிக்குக்கூட நடுவில் ஒரு ஸ்டேஷன் வைத்து இறக்கியிருக்கிறார்கள். நாம் போடுகிற திட்டத்தில் நடுவில் நிற்க, யோசிக்க, திரும்ப ஒரு இடமும் இல்லை.

"அப்போ ஏறுவது சுலபம், இறங்குவது கஷ்டமா?" என்று டாக்டர் மேடம் வீட்டுப் பையன் கேட்டான். மூச்சுக்கு ஏறுவது கஷ்டம். முட்டிக்கு இறங்குவது கஷ்டம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும். மறுநாள் படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுவது அதனால்தான். மலையில் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான். கால் தளர்ந்திருக்கும், கவனம் சாப்பாட்டில் இருக்கும்.

எனக்கு இது பர்வதமலையில் புரிந்தது. திருவண்ணாமலை மாவட்டம், உயரம் சுமார் 4,560 அடி. உங்களில் பலர் பௌர்ணமிக்குப் போயிருப்பீர்கள். அதற்கு இரண்டு வழி உண்டு. தென்மாதிமங்கலம் பக்கம் ஒன்று, கடலாடி பக்கம் ஒன்று. மேலே போய் இரண்டும் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு கடப்பாறைப் படியும் இரும்பு ஏணியும் எல்லோருக்கும் ஒன்றுதான். தென்மாதிமங்கலம் வழியில் படி உண்டு, கடை உண்டு, கூட்டமும் உண்டு. கூட்டம் வேண்டாமென்று நாங்கள் கடலாடி வழியில் போனோம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வண்டி ஏறியவர் ஒருவர் எங்களோடு இருந்தார். பாதி வழியில் அவருக்குக் கால் தசை பிடித்துக்கொண்டது, வாந்தி, தலைசுற்றல். கையில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. எதிரில் ஒரு ஆள் வரவில்லை. அரை லிட்டர் மோர் விற்கிற ஒரு பாட்டிக்காக அன்று நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரைக் கீழே கொண்டுவர நான்கு மணி நேரம் ஆனது. கூட்டமில்லாத வழி என்றால் உதவியும் இல்லாத வழி. அன்றைக்கு எங்களுக்கேற்ற வழி கடைகள் இருந்த வழிதான். அந்த நண்பர் தூங்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வழியைத் தேர்ந்தெடுத்தபோது அவரை நினைக்கவில்லை, எங்களில் வேகமாக நடப்பவரை நினைத்தோம்.

ஆகவே வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் யார் யார் வருகிறோம் என்று பேச வேண்டும். நம் பட்டியலில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, அறுபத்து மூன்று வயதுக்காரர் ஒருவர், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் ஒருவர், முட்டிக்குப் பட்டை கட்டுகிற நான். நம் குழுவின் வேகம் எங்கள் நால்வரின் வேகம். மற்ற இருபத்து சொச்சம் பேர் ஒலிம்பிக்கில் ஓடினாலும் அது மாறாது.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஸ்காட்லாந்தின் மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எட்டுக் கிலோமீட்டர் பாதை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் அவர் கணக்கில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அது பழகிய கால்களுக்கு. நமக்கு ஒன்றரை மடங்கு, சாப்பாடு, போட்டோ, ஒருவர் செருப்பு அறுந்தது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். 600 மீட்டர் என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? நம் கட்டடம் ஐந்து மாடி, மாடிக்கு மூன்று மீட்டர். தரையிலிருந்து மொட்டைமாடிக்கு நாற்பது தடவை ஏற வேண்டும். இறங்குவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். குரங்கணி, மலைத்தொடருக்குக் கிழக்குப் பக்கம். மேற்கே சுவர் மாதிரி மலை. ஊரில் ஆறு, ஆறரைக்குச் சூரியன் மறைகிறதென்றால், அங்கே அதற்கு வெகு முன்பே மலை வெயிலை மறைத்துவிடும். அதனால் திரும்பும் நேரம் என்று ஒன்றை முன்னாலேயே குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணி என்று வைத்தால், உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்ப வேண்டும். "இன்னும் பத்து நிமிஷம் சார்" என்று சொல்கிற ஆள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். நம் குழுவில் அவர் யார் என்று எனக்குத் தெரியும், முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரே வழி இருக்கிற மலையிலும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. கோவைப் பக்கம் வெள்ளியங்கிரிக்குப் பூண்டியிலிருந்து ஒரே பாதைதான். ஏழு மலை. அங்கே தேர்வு என்பது எந்த மாதம், எந்த மணி, எந்த உடம்பு என்பது. சமீப வருடங்களில் அங்கே மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் ஏறும்போதே இறந்தவர்கள் உண்டு. வேண்டுதல் என்பதால் பாதியில் திரும்ப மனம் வருவதில்லை. நம்முடையது வேண்டுதல் இல்லை, பிக்னிக். திரும்பினால் சாமி கோபிக்காது.

இங்கே டி பிளாக் தங்கச்சி கை தூக்கினார். கம்பெனி நண்பர்களோடு ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ போகிறாராம். ஐந்து நாள் வழி விலை குறைவு, கட்டில் மெத்தையோடு குடில் இருக்கிறது, அது நல்லதுதானே என்று கேட்டார். அவர் அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே பதிலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன். அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். தசை பலத்தால் அந்த நாளைச் சுருக்க முடியாது. தினமும் ஓடுகிற இளைஞர்கள் படுத்துவிடுவதும், ஐம்பது வயதுக்காரர் நிதானமாக உச்சிக்குப் போவதும் அங்கே சகஜம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், ஒரு இரவு தூங்குகிற உயரத்துக்கும் அடுத்த இரவு தூங்குகிற உயரத்துக்கும் ஐந்நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது மலை மருத்துவர்கள் சொல்கிற அளவு. அந்தத் தங்கச்சி சொன்ன மராங்கு வழியில், ஹொரோம்போ என்ற இடத்தில் சுமார் 3,720 மீட்டரில் தூங்கி, அடுத்த நாள் கிபோவில் சுமார் 4,720 மீட்டருக்குப் போய், அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். படுக்கை மெத்தைதான், ஆனால் உடம்புக்கு நேரம் இல்லை. மச்சாமே, லெமோஷோ வழிகளில் கூடாரம்தான், நாளும் கூடுதல், ஆறிலிருந்து எட்டு நாள் வரை. ஆனால் அங்கே பகலில் லாவா டவர் என்ற இடத்துக்கு, 4,600 மீட்டருக்கு மேலே ஏற்றிவிட்டு, இரவு தூங்க 4,000 மீட்டருக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். உயரே போய் வா, தாழத் தூங்கு. உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது. பணத்தை மிச்சம் பிடிக்க நாளைக் குறைக்காதே, மெத்தையை விட்டுக்கொடு, நாளை விட்டுக்கொடுக்காதே என்று சொன்னேன். மராங்குதான் என்றால் ஹொரோம்போவில் ஒரு நாள் கூடத் தங்கு. தலைவலி அதிகமாகி, நடை தள்ளாடினால் விவாதம் கிடையாது, உடனே கீழே. மாத்திரை எதையும் தன் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அம்மாவுக்கு இது முழுத் திருப்தி இல்லை. "போகாதே" என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

சரி, நம் பயணத்துக்கு வருகிறேன். நான் கேட்பது மூன்று மாற்றம்.

மார்ச் வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அது புல் காய்ந்து தீப்பிடிக்கிற காலம். வனத்துறையே அந்த மாதங்களில் பாதைகளை மூடி வைக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு போகலாம். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும், வெயிலும் பொறுக்கும். பிள்ளைகளின் பரீட்சைக்கும் அதுதான் நல்லது என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள், அதனால் இதில் எனக்குப் பெரிய எதிர்ப்பு இருக்காது.

அடுத்தது வழி. கொழுக்குமலையிலிருந்து நடந்து இறங்குவதை விட்டுவிடுவோம். உதயம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜீப்பில் போய் ஜீப்பிலேயே வரட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. நடக்க விரும்புகிறவர்கள் வனத்துறையின் பாதையில் நடப்போம். குரங்கணிக்குப் பிறகு 2018-இலேயே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்யும்படி திறந்தார்கள். சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கூட வருகிற வழிகாட்டிகள் அந்தந்தப் பகுதி இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள். குரங்கணி–சாம்பலாறு பாதை அந்தப் பட்டியலில் இருக்கிறது. யூடியூபில் ஒருவர் ட்ரோன் விட்டுக் காட்டிய பாதைக்கும் பட்டியலில் இருக்கிற பாதைக்கும் வித்தியாசம் உண்டு. ட்ரோனுக்கு முட்டி வலிக்காது. ஊருக்குப் போவதும் இப்போது சுலபம். 2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரலில் ஏறினால் போடிநாயக்கனூரிலேயே இறங்கலாம், வாரத்தில் மூன்று நாள் ரயில் உண்டு. இரவெல்லாம் வேனில் உட்கார்ந்து தூங்காமல் போய் விடிந்ததும் மலையேறுகிற வேலை வேண்டாம்.

மூன்றாவது, நேராகப் பெரிய மலைக்குப் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே அந்தப் பட்டியலில் ஒரு பாதை இருக்கிறது, குடியம் குகை. பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம். கும்மிடிப்பூண்டியில் பத்து வருடமாக இருந்துகொண்டு அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இங்கே பாதிப் பேர், கை தூக்கச் சொன்னபோது பார்த்தேன். கற்கால மனிதர்கள் ஒதுங்கிய பாறைக் குகை. பக்கத்தில் அதிரம்பாக்கம், கற்கருவிகளுக்கு உலகப் புகழ் பெற்ற இடம். 1863-இல் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட், பிறகு அங்கேயும் வந்து எடுத்தார். பூண்டியில் அருங்காட்சியகமும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடுகிற நடை. அங்கே யார் எப்படி நடக்கிறோம், யாருக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படுகிறது, யாருடைய புது ஷூ கடிக்கிறது என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுக் குரங்கணிக்குப் பட்டியல் போடலாம்.

தடாவும் நாகலாபுரமும் இன்னும் பக்கம்தானே என்று ஒருவர் கேட்டார். பக்கம்தான். ஆனால் அவை ஆந்திர எல்லைக்குள், அங்கத்து வனத்துறையின் விதிகள். அருவிப் பாறையில் வழுக்குவதும் ஆழம் தெரியாமல் குதிப்பதும் அங்கே தனி ஆபத்து. அது வேறொரு நாள் பேச்சு.

இந்தக் கூட்டத்தில் மறுபடியும் கை தூக்கச் சொன்னோம். ஜனவரிக்கு 19 பேர். நான்கு பேர் மார்ச்தான் வேண்டும் என்றார்கள், ஷிஃப்ட் லீவு அவர்களுக்கு அப்போதுதான் கிடைக்கிறதாம், நியாயம்தான். அவர்களுக்கு மார்ச்சில் தீக்காலத் தடை இல்லாத வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏ பிளாக் தம்பி இரண்டுக்கும் கை தூக்கவில்லை. கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது என்னிடம் வந்து, "அங்கிள், 2014-ல நீங்க எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. வீட்டுக்கு வரச் சொல்லிக் காட்டினேன். எட்டுப் பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த புல்லைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் பெயர், வயது, ரத்த வகை, தினமும் சாப்பிடும் மாத்திரை, வீட்டில் தொடர்புகொள்ள ஒரு எண் எழுதுங்கள். மாத்திரை விவரத்தை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று நினைப்பவர்கள் தனிச் சீட்டில் எழுதி ஒட்டி என்னிடம் தரலாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பி பிளாக் படிக்கட்டில் பயிற்சி. முதல் வாரம் ஐந்து தடவை ஏறி இறங்குவது, முதுகில் மூன்று லிட்டர் தண்ணீர். லிஃப்டில் இறங்குகிறவர்கள் பெயர் கணக்கில் சேராது.